தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வையுங்கள்: மலையக வீட்டுக்கு ஒரு மரக்கறிச் சமையல் வழிகாட்டி

அம்மாவின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.9 என்று வந்தது. பன்னிரண்டாவது இருக்க வேண்டுமாம். முப்பத்திரண்டு வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவர். மூச்சு வாங்குகிறது, மலை ஏற முடியவில்லை என்றுதான் கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். துண்டைப் பார்த்த தாதி மிஸ்ஸி, இரும்புக் குளிசையைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார்.

"சாப்பிட்ட கையோட தேத்தண்ணி குடிப்பீங்களாம்மா?"

"குடிக்காம எப்படி மிஸ்ஸி? அது இல்லாட்டி ரொட்டி இறங்காதே."

"இனிமே ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிங்க. குளிசையை அதோட முழுங்கவே கூடாது."

அம்மாவுக்குக் கோபம். டிக்கோயாவில் பஸ் விட்டு இறங்கி லயத்து வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் புலம்பல்: "நாம பறிச்சதையே நாம குடிக்கக் கூடாதாம்."

பக்கத்துக் காம்பராக்காரர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஈரல் கொடு, முட்டை கொடு, பேரீச்சம்பழம் கொடு. எங்கள் வீட்டில் மீனும் இறைச்சியும் மாதத்துக்கு இரண்டு தடவை வந்தால் அதிகம். விலை அப்படி. அம்மா வேறு, வருடத்தில் பாதி நாள் ஏதாவது ஒரு விரதத்தில் இருப்பவர். ஆகவே மரக்கறிச் சாப்பாட்டை வைத்துக்கொண்டே என்ன செய்யலாம் என்று பார்த்தோம். அப்படிச் செய்து பார்த்ததில் தேறியதைத்தான் இங்கே எழுதுகிறேன். விலை கூடிய விதைகளோ பெட்டியில் வரும் பொடிகளோ இதில் கிடையாது. சந்தையிலும் தோட்டத்துக் கடையிலும் கிடைப்பதை எதோடு சேர்ப்பது, எந்த நேரத்தில் தின்பது என்பதுதான் பெரும்பகுதி.

படி 1: கடைக் கொப்பியை எடுங்கள்

அடுப்படியில் கை வைப்பதற்கு முன்னால், கடையில் கடன் எழுதும் கொப்பியை எடுத்து உட்காருங்கள். யாராவது கேட்டால் "எல்லாம் சாப்பிடுறோம்" என்று சொல்லிவிடுவோம். கொப்பி அப்படிச் சொல்லாது. போன மாதத்துக் கணக்கில் கோதுமை மா, அரிசி, சீனி, உப்பு, பருப்பு ஆகிய ஐந்தை மட்டும் கூட்டுங்கள்.

எங்கள் வீட்டில் நான்கு பெரியவர்கள். சீனி ஐந்து கிலோ. பருப்பு இரண்டு கிலோ. உப்பு ஒரு கிலோப் பைக்கட் முடிந்து அடுத்ததையும் உடைத்திருந்தோம்.

இதை ஒரு அளவுகோலோடு ஒத்துப் பார்க்க வேண்டும். பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்புப் போதும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். நான்கு பேருக்கு மாதம் 600 கிராம். சீனி நாளைக்கு 25 கிராம் அளவுக்குள் நின்றால் நல்லது என்கிறது. அது மாதம் மூன்று கிலோ. பிஸ்கட், பணிஸ், சோடாவில் உள்ளதும் இந்த மூன்று கிலோவுக்குள்தான் அடங்க வேண்டும். ஒரு தேத்தண்ணிக்கு இரண்டு கரண்டி, நாளைக்கு ஐந்து தேத்தண்ணி என்றால் பத்துக் கரண்டி, சுளையாக 40 கிராம். உள்ளங்கையில் சீனியைக் கொட்டி நக்கிக்கொண்டு சாயத்தண்ணி குடிப்பவர்கள் அதையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

பருப்பு வகைகளை ஆளுக்கு நாளைக்கு 50 கிராம் என்று வைத்தால் மாதம் ஆறு கிலோ வேண்டும். பருப்பு, பயறு, கடலை, கௌபி எல்லாம் சேர்த்துத்தான். எங்கள் கொப்பியில் சீனியும் பருப்பும் இடம் மாறிக் கிடந்தன. சீனியில் இரண்டு கிலோவைக் குறைத்து அந்தக் காசைப் பருப்புப் பக்கம் தள்ளியதுதான் நாங்கள் செய்த முதல் வேலை.

படி 2: தேத்தண்ணிக்கு ஒரு நேரம்

மிஸ்ஸி சொன்ன விஷயம் இதுதான். சாப்பாட்டில் வரும் இரும்பு இரண்டு வகை. மீன், இறைச்சியில் உள்ளதில் ஒரு பகுதி எளிதாக உடம்பில் சேர்ந்துவிடும். பருப்பு, கீரை, குரக்கனில் உள்ளது கூச்ச சுபாவம் பிடித்தது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் உள்ளே வரும். தேயிலைச் சாயத்தில் இருக்கும் பொலிபீனோல்கள் அதை வயிற்றிலேயே பிடித்துக் கட்டிப்போட்டு விடுகின்றன. தேசிக்காயிலும் கொய்யாவிலும் உள்ள விட்டமின் சி அதைக் கைப்பிடித்து உள்ளே கூட்டி வருகிறது.

1999இல் வெளியான ஒரு ஆய்வில், பாணோடு ஒரு கோப்பை கறுப்புத் தேநீர் குடித்தபோது இரும்பு சேர்வது 79 முதல் 94 சதவீதம் வரை குறைந்தது. அதே ஆய்வில் தேநீரில் பால் ஊற்றிப் பார்த்தும் பெரிய வித்தியாசம் இல்லை. புதினாத் தேநீர்கூடக் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்தது. ஆகவே "நாங்க பால் தேத்தண்ணிதானே குடிக்கிறோம்" என்ற சமாதானம் செல்லாது. பாணும் ரொட்டியும் ஒரே கோதுமை என்பதையும் கவனியுங்கள். ரொட்டியைத் தேத்தண்ணியில் தொட்டுத் தொட்டுச் சாப்பிடுவது நமக்குப் பழகிப்போன ருசி. இரும்புக் கணக்கில் அதைவிட மோசமான சேர்க்கை கிடையாது. சின்னப் பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கத்தைத் தொடங்கி வைக்காதீர்கள்.

நல்ல செய்தியும் உண்டு. 2017இல் இங்கிலாந்தில் பெண்களிடம் செய்த ஒரு ஆய்வில், சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவே ஒரு மணி நேரம் விட்டதும் அந்தத் தடை நன்றாகவே குறைந்தது. யாரும் தேத்தண்ணியை விட்டுவிடச் சொல்லவில்லை. நேரத்தை மாற்றினால் போதும்.

அம்மாவின் நாளை இப்படித் திருப்பிப் போட்டோம். விடியக் காலை நாலரைக்கு எழுந்தவுடன் குடிக்கும் சாயத்தண்ணி அப்படியே இருக்கட்டும். அப்போது வயிற்றில் கெடுவதற்கு ஒன்றும் இல்லை. ஆறு மணிக்கு மேல் ரொட்டி. அதோடு தேத்தண்ணி கிடையாது, சுடுதண்ணிதான். பத்து மணிக்கு மலையில் தேத்தண்ணி குடிக்கலாம், ஆனால் அந்த நேரத்தில் ரொட்டியைப் பிரிக்கக் கூடாது. பகல் சோற்றுக்குப் பின்னால் வழக்கமாக ஊற்றும் கோப்பையை, பின்னேரம் கொழுந்து நிறுத்து முடியும் வரைக்கும் தள்ளிப்போட்டோம். அந்த இடத்துக்கு ஒரு போத்தலில் தேசிக்காய்த் தண்ணி. அரைத் தேசிக்காய், ஒரு சிட்டிகை உப்பு, சீனி இல்லாமல்.

முதல் வாரம் தலைவலி என்றார். இரண்டாவது வாரம் தலைவலியைப் பற்றிப் பேச்சில்லை, ஆனால் ரொட்டி தொண்டையில் நிற்கிறது என்றார். அதற்குத்தான் அடுத்த படி.

இரும்புக் குளிசை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு சொல். அதைத் தேத்தண்ணியோடும் பாலோடும் விழுங்காதீர்கள். கல்சியம் குளிசையும் கொடுத்திருந்தால் இரண்டையும் வேறு வேறு நேரத்தில் போடுங்கள்.

படி 3: ரொட்டியை மாற்றுவது

சோற்றின் இடத்தை ரொட்டி பிடித்துக்கொண்ட கதை எல்லோருக்கும் தெரியும். எழுபதுகளின் பஞ்சத்தைக் கண்ட பாட்டிமாரிடம் கேட்டால் மாவுக்கு வரிசையில் நின்ற கதையில் தொடங்கி முடிக்கவே மாட்டார்கள். கோதுமை இந்தத் தீவில் விளைவதில்லை. ஆனாலும் இன்று நமக்கு அது இல்லாமல் விடியாது. அதனால் ரொட்டியை விடச் சொல்லும் வழிகாட்டி எதுவும் நம் வீட்டில் ஒரு வாரம்கூடத் தாங்காது. உள்ளே போடுவதைத்தான் மாற்ற வேண்டும்.

வெள்ளைக் கோதுமை மாவில் தவிடும் முளையும் போய்விட்டன. கோதுமைப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைய. குரக்கன் 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது. தானியங்களில் அது மிக அதிகம். மூன்றையும் ஒரே மாவில் பிசைந்தால் ஒன்றின் குறையை மற்றது அடைக்கும்.

அளவு இதோ. கழுவிய பருப்பு அரைக் கப்பை இரண்டு மணி நேரம் ஊற வைத்து, தண்ணியை நன்றாக வடித்து, அம்மியிலோ கிரைண்டரிலோ கெட்டியாக அரைத்துக்கொள்ளுங்கள். ஆட்டா மா இரண்டு கப், குரக்கன் மா ஒரு கப், தேங்காய்ப்பூ அரைக் கப். பொடியாக வெட்டிய வெங்காயம் ஒன்று, பச்சை மிளகாய் இரண்டு, கறிவேப்பிலை, ஒரு கைப்பிடி நறுக்கிய கீரை அல்லது துருவிய கரட். உப்பு அரைத் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம்.

முதலில் குரக்கன் மாவில் மட்டும் கொதிக்கிற தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரண்டியால் கிளறுங்கள். குரக்கனில் கோதுமையைப் போல இழுவை கிடையாது. பச்சைத் தண்ணியில் பிசைந்தால் தட்டும்போதே விளிம்பெல்லாம் ஆற்று மணல் மாதிரி உதிரும். சுடுதண்ணி பட்டதும் மா கறுத்து, ஒட்டி, களி மாதிரி திரண்டு வரும். அந்தச் சூடு கை தாங்கும் அளவுக்கு வந்த பிறகு ஆட்டா மா, அரைத்த பருப்பு, மற்றதெல்லாம் சேர்த்துப் பிசையுங்கள். பருப்பிலேயே ஈரம் இருப்பதால் தண்ணி அதிகம் கேட்காது. கையில் ஒட்டினால் எண்ணெயைத் தொட்டுக்கொள்ளுங்கள், மாவைக் கூட்டாதீர்கள். அரை மணி நேரம் மூடி வைத்து, வாழையிலையில் மெல்லிசாகத் தட்டி, மிதமான சூட்டில் இரும்புத் தட்டில் போடுங்கள். பருப்பு பச்சையாக இருப்பதால் அவசரம் கூடாது. மேலே சின்னச் சின்னக் குமிழ் எழும்பி, பச்சை வாசம் போய், வறுத்த பருப்பு வாசம் வந்ததும் திருப்பலாம். எட்டு ரொட்டி வரும்.

நான் முதல் தடவை பாதிக்குப் பாதி குரக்கன் போட்டேன். அப்பா ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்துவிட்டு, மீதியை நாய்க்குப் போட எழுந்து போனார். ஆகவே மூன்றில் ஒரு பங்கில் தொடங்குங்கள். நாக்கு பழகப் பழகக் கூட்டலாம்.

ரொட்டிக்குச் சம்பல். கட்டைச் சம்பலில் மாசிக் கருவாடு போடாவிட்டால் ருசி வராது என்பார்கள். சின்ன வெங்காயத்தைக் கூட்டி, காய்ந்த மிளகாயைத் தட்டில் கறுக்காமல் வறுத்து இடித்தால் அந்தக் குறை பாதி போய்விடும். தேசிக்காய்ப் புளியை மறக்காதீர்கள், சூட்டிலும் காட்டாதீர்கள். விட்டமின் சி சூட்டில் அழியும். ரொட்டி தொண்டையில் நிற்கிறது என்ற அம்மாவுக்கு மிளகு தூக்கலாக ஒரு தக்காளி ரசம் வைத்துக் கொடுத்தோம். முடிந்தால் அந்தத் தக்காளியை இரும்புத் தாச்சியில் வதக்குங்கள். புளிப்புச் சேர்ந்தால் தாச்சியின் இரும்பும் கொஞ்சம் கறியில் இறங்கும். அலுமினியச் சட்டியில் அது நடக்காது.

படி 4: மலையில் பருப்பு ஏன் வேகாது

கொழும்பிலிருந்து வந்த சமையல் குறிப்பை வைத்துக் கடலை அவித்தால் நம் பக்கம் அது கல்லாகவே இருக்கும். கடலையின் தப்பு இல்லை. உயரம் கூடக் கூடத் தண்ணி கொதிக்கும் சூடு குறையும். 300 மீற்றருக்குச் சுமார் ஒரு பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலோரத்தில் 100 பாகையில் கொதிப்பது ஹட்டனில் 96 பாகையிலும், கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் 94 பாகையிலுமே கொதித்துவிடும். எவ்வளவு விறகு வைத்தாலும் அதற்கு மேல் ஏறாது. பாத்திரம் தளதளவென்று கொதிக்கும், உள்ளே கடலை அப்படியே இருக்கும். பிரஷர் குக்கர் இதை நேராக்கிவிடும். அடக்கிய ஆவி கொதிநிலையை 100க்கு மேலே தள்ளிவிடுவதால் இங்கே அது ஆடம்பரப் பொருள் கிடையாது. கலியாணத்துக்கு என்ன வாங்கிக் கொடுப்பது என்று யோசிக்கிறவர்கள் சுவர்க் கடிகாரத்தை விட்டுவிட்டு இதைக் கொடுங்கள்.

குக்கர் இல்லாவிட்டால் இரவே ஊற வையுங்கள். ஊறிய கடலைக்கு அடுப்பு நேரம் நன்றாகக் குறையும், காஸும் மிச்சம். ஊறிய தண்ணியைக் கொட்டிவிடுங்கள். இரும்பையும் நாகத்தையும் (சிங்க்) பிடித்து வைக்கும் பைட்டேட் கொஞ்சம் அதோடு போகும், வாய்வும் குறையும். பயறை முளை கட்ட விட்டால் இன்னும் நல்லது. நுவரெலியாக் குளிரில் ஒரு நாளில் முளைக்காது. ஈரத்துணியில் சுற்றி அடுப்படி மூலையில் வைத்து இரண்டு நாள் பொறுங்கள். வேகட்டும் என்று ஆப்பச் சோடா போடுவதை மட்டும் நிறுத்துங்கள்; விட்டமின் பி1 அதில் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. முற்றிக் காய்ந்த சிவப்புப் போஞ்சி விதையை ஊற வைக்காமல், அரைவேக்காட்டில் சாப்பிடவே கூடாது. அதில் ஒரு நச்சு இருக்கிறது. நாலைந்து விதை போதும், வாந்தியும் பேதியும் பிடித்துக்கொள்ளும். ஐந்து மணி நேரமாவது ஊற வைத்து, அந்தத் தண்ணியைக் கொட்டி, புதுத் தண்ணியில் அரை மணி நேரமாவது கொதி அடங்காமல் வேக வையுங்கள். மெல்லிய தணலில் இரவு முழுக்க விட்டு வைப்பது இதற்கு ஆகாது.

புரதம் போதுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 50 கிலோ எடையுள்ள பெரியவருக்கு நாளைக்கு 40 கிராம் அளவு வேண்டும். 150 கிராம் மாவில் சுட்ட ரொட்டியில் 15, 150 கிராம் அரிசியில் 10, 50 கிராம் பருப்பில் 12, ஒரு சிறங்கை கச்சானில் (நிலக்கடலை) 7. ஆகக் கூட்டினால் 44. இறைச்சி இல்லாமலேயே வந்துவிட்டது. பருப்பையும் கச்சானையும் எடுத்துவிட்டால் 25இல் நிற்கும். ரொட்டியும் சம்பலும், சோறும் ஒரு உருளைக்கிழங்குக் கறியும் என்று ஓடுகிற வீடுகள் அங்கேதான் நிற்கின்றன. பிள்ளைத்தாச்சிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் 40 போதாது.

சோயா மீட் நல்ல சாமான்தான். பாதி எடைக்குக் கிட்டப் புரதம். ஆனால் பைக்கட்டுக்குள் வரும் சுவைத் தூளில் உப்பு நிறைய. தூளை முழுதாகக் கொட்டாமல், சுடுதண்ணியில் ஊற வைத்துப் பிழிந்து வீட்டு மிளகாய்த் தூளிலேயே சமைத்துவிடுங்கள்.

படி 5: கீரை எங்கே பறித்தது?

வல்லாரை, பொன்னாங்காணி, தண்டுக்கீரை, கங்குங், பசளி. பதுளை, மாத்தளைப் பக்கம் கீழே இருப்பவர்களுக்கு முருங்கையும் உண்டு. மேலே குளிரில் அது மனம் வைத்து வளராது. கீரையைப் பற்றி நான் முதலில் சொல்வது சமையலை அல்ல. தேயிலை நிரைக்குள் தானாக முளைத்த கீரையைப் பறித்து வராதீர்கள். அங்கே களைநாசினி அடிப்பார்கள், எப்போது அடித்தார்கள் என்று நமக்குத் தெரியாது. லயத்துக் கக்கூசுக்குக் கீழே ஓடும் கானோரத்து வல்லாரையும் வேண்டாம். சந்தைக் கீரையை மூன்று தண்ணியில் அலசுங்கள். பச்சையாகச் சம்பல் போடுவதானால் காம்பு காம்பாகப் பிரித்துக் கழுவுங்கள். லீக்ஸை நீளவாக்கில் பிளந்து, மடல் மடலாக. வீட்டு வாசலில் நாலு உரப் பையில் மண் போட்டால் பொன்னாங்காணி வந்துவிடும். ஒரு கொத்துத் தண்டைக் குத்தி வைத்தால் போதும்.

சுண்டல் எல்லோருக்கும் தெரிந்தது. மாற்ற வேண்டியது இரண்டு இடம். கீரையை நூல் மாதிரி அரிந்து, தாச்சி காய்ந்த பிறகு போட்டு, இரண்டு நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள், தேங்காய்ப்பூவும் அப்போதுதான். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு தேசிக்காய்ப் பிழியுங்கள், அடுப்பில் இருக்கும்போது அல்ல. கரட்டுக்கும் தேங்காய் சேர வேண்டும். அதன் மஞ்சள் சத்து கொழுப்பில்தான் கரையும்.

கீரைக்கு ஒரு மிகைப்பட்ட பெயர் உண்டு. பசளி போன்றவற்றில் உள்ள இரும்பு எழுத்தில் இருக்கிற அளவுக்கு உடம்பில் சேராது. சிவப்புப் பருப்பு 100 கிராமில் கிட்டத்தட்ட 7 மில்லிகிராம் இரும்பு. அதனால் கீரையைப் பருப்பின் துணைக்கு வையுங்கள், பருப்புக்குப் பதிலாக வேண்டாம். சாப்பாடு முடிந்ததும் ஒரு கொய்யா. இருக்கிற பழங்களில் விட்டமின் சி-க்கு அதை அடிக்க ஆள் குறைவு. வேலியோரத்தில் காய்த்து அணில் தின்று விழுகிறதே, அதே கொய்யாதான். கொடித்தோடையும் நெல்லியும் கிடைத்தால் அதுவும்.

இலைக்கஞ்சியை விட மனமில்லை. ஒரு கைப்பிடி சிவப்புப் பச்சையரிசியை நாலு பூண்டுப் பல்லோடு குழைய வேக விடுங்கள். வல்லாரை ஒரு கட்டைத் தண்ணி விட்டு அரைத்து வடித்துக்கொள்ளுங்கள். கஞ்சியில் அரைக் கப் தேங்காய்ப் பால் விட்டுச் சூடேறியதும் அந்தப் பச்சைச் சாற்றை ஊற்றி, ஒரு கொதி எழும்பும்போதே இறக்கிவிடுங்கள். பச்சை நிறம் பாசியாக மாறினால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு துண்டுக் கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கலாம். காலையில் சாயத்தண்ணிக்குப் பதில் இது என்றால் அம்மா சம்மதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று பேசி முடித்தோம்.

படி 6: சட்டியில் கிடைக்காதது

விட்டமின் பி12. இதில் சமரசம் இல்லை. செடி கொடியில் நம்பி எடுக்கும் அளவுக்கு அது கிடையாது. பால், தயிர், முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு ஓரளவு வரும். அதுவும் வேண்டாம் என்று முழுதாக மரக்கறிக்கு மாறுகிறவர் பி12 குளிசை எடுத்தே ஆக வேண்டும். ஈரலில் சேமிப்பு இருப்பதால் குறை தெரிய வருடக்கணக்காகும். தெரியும்போது கை கால் விறைப்பாக வரும், சில நேரம் நரம்பு பழைய நிலைக்குத் திரும்பாது. கந்தசஷ்டி, ஆடி என்று சில நாள் விரதம் இருப்பவர்கள் இதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

அயடின் உப்பு 1995இலிருந்து நாட்டில் கட்டாயம். அடுப்புக்குப் பக்கத்தில் திறந்த சிரட்டையில் வைத்தால் அயடின் பறந்துவிடும். மூடி போட்ட போத்தலில் வைத்து, கறி இறக்கும் நேரத்தில் போடுங்கள்.

படி 7: "ஆராய்ச்சியில் கண்டுபிடித்தார்கள்" என்று வரும்போது

வட்ஸ்அப்பில் தினமும் ஒன்று வரும். 2015இல் இலங்கை மாணவர் ஒருவர் அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் கூட்டத்தில் ஒரு ஆய்வை வைத்தார். சோறு வேகும் தண்ணியில் தேங்காயெண்ணெய் கொஞ்சம் விட்டு, வெந்ததைப் பன்னிரண்டு மணி நேரம் குளிரில் வைத்தால், மாச்சத்தில் ஒரு பகுதி எளிதில் செமிக்காத வகையாக மாறுகிறது என்று. உலகமெங்கும் செய்தி ஓடியது. "சோற்றின் கலோரி பாதியாகும்" என்று நம் ஊருக்கு வந்து சேர்ந்தது. அது ஆய்வுகூடத்தில் செய்த ஆரம்ப வேலை. சோறு ஆறினால் மாச்சத்து கொஞ்சம் மாறுவது உண்மை. பாதியாகக் குறைந்தது என்று நினைத்து இரண்டு கோப்பை தின்பது வேறு. அதோடு, சோற்றை வெளியே இரவு முழுக்க வைத்தால் அதில் வளரும் கிருமி வாந்தி எடுக்க வைக்கும்.

நான் பார்ப்பது மூன்று கேள்வி. மனிதரிடம் செய்ததா, கண்ணாடிக் குழாயிலா? எத்தனை பேர்? அளவு என்ன? மஞ்சள், வல்லாரை பற்றி வரும் செய்திகளில் பாதி இரண்டாவது கேள்வியிலேயே விழுந்துவிடும்.

படி 8: சாப்பாட்டால் தீராதது

பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே, கர்ப்பிணிகளுக்கு 11க்குக் கீழே போனால் இரத்தசோகை என்று கணக்கு. நமக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. உயரத்தில் வாழ்பவர்களின் உடம்பு தானாகவே ஹீமோகுளோபினைக் கொஞ்சம் கூட்டி வைத்திருக்கும். அதனால்தான் உலக சுகாதார ஸ்தாபனம் உயரத்துக்கு ஏற்பக் கழித்துப் பார்க்கச் சொல்கிறது. நுவரெலியாவில் வரும் 12, கொழும்பில் வரும் 12 அல்ல. "பன்னிரண்டு இருக்கே" என்று துண்டை மடித்து வைப்பதற்கு முன்னால் கிளினிக்கில் கேளுங்கள்.

காரணம் சாப்பாடாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை. வெறுங்காலோடு ஈர மண்ணில் நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழு குடலில் ஏறி இரத்தத்தை உறிஞ்சும். அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை 1916இலேயே இலங்கைத் தோட்டங்களில் இந்தப் புழுவுக்கு எதிராக வேலை தொடங்கியது. நூறு வருடம் கழித்தும் அம்மா செருப்பில்லாமல்தான் மலை ஏறிக்கொண்டிருந்தார். மாதவிலக்கு அதிகமாகப் போவது, வயிற்றுப்புண், பரம்பரையாக வரும் தலசீமியா என்ற இரத்த நோய் என்று வேறு காரணங்களும் உண்டு. தலசீமியாக்காரருக்குப் பரிசோதிக்காமல் இரும்புக் குளிசை கொடுப்பது தப்பு. ஆகவே பரிசோதனை முதலில், ரொட்டி பிறகு.

அம்மாவுக்குப் பூச்சிக் குளிசையும் கொடுத்தார்கள், மூன்று மாதம் இரும்பும். இரண்டாவது தடவை இரத்தம் சோதித்தபோது 11.2. குளிசையா, குரக்கனா, தேத்தண்ணி நேரமா, எதனால் எவ்வளவு ஏறியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. மிஸ்ஸிக்கும் தெரியாது. அம்மா மட்டும் அது தேசிக்காய்த் தண்ணிதான் என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். பகல் சோறு முடிந்ததும் கோப்பையைக் கழுவி, இஸ்தோப்புத் திண்ணையில் கவிழ்த்து வைத்துவிடுகிறார். மூன்று மணி அடித்த பிறகுதான் அது நிமிரும். உள்ளங்கைச் சீனியை மட்டும் இன்னும் விடவில்லை. பார்த்துவிட்டால் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொள்கிறார்.